எருமை க்ளப்பும் என் கட்டைவிரலும்

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். சிதறிய காரியங்களைப் பொறுக்கி எடுப்பதிலேயே பாதி வயதைக் கழித்தவள் என்ற முறையில் நானும் அதை வழிமொழிகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கிவிடுவேன். யாராவது விடுகதை போட்டால் அவர்கள் முடிப்பதற்குள் விடையைக் கேட்பேன். "இவ ஆஸ்பத்திரி போற வரைக்கும் கூட பொறுக்கல, ஆட்டோலயே பொறந்துட்டா" என்று அம்மா என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே சொல்லியிருக்கிறாள். (வந்தவர் கிருஷ்ணகிரி மாம்பழ மண்டிக்காரர் மகன். ஒரு வாக்கியம் பேச ஒரு டம்ளர் காபி ஆறும் நேரம் எடுத்துக்கொண்டார். அவர் முடிப்பதற்குள் நானே மூன்று தடவை முடித்துவைத்தேன். மூன்றும் தப்பு.)

இந்தக் குணத்தால் நான் பட்ட அவமானங்களைத் தனியாக ஒரு புத்தகமாகப் போடலாம். ஆனால் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வாசலில், அமெரிக்க ரக்பி க்ளப் ஒன்றின் வரலாற்றை எழுதி வைக்கப் போய் நான் பட்டதற்கு முன்னால் மற்றதெல்லாம் கொசுக்கடி.

அப்போது நான் அந்தக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் ட்ரெய்னி. வெளிநாட்டு பையர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் மெயில் எழுதி, சாம்பிள் அனுப்பி, இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்கும் வேலை. நாட்றம்பள்ளியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருவேன். அந்த வருஷம் ஆர்டர் ரொம்பக் கம்மி. ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் லாஸ்டிங் லைன் பாதி நாள் சும்மா நின்றது. கட்டிங்கில் இருந்தவர்கள் கத்தியைத் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். எங்கள் மேனேஜர் ரபீக் சார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"செல்வி, அமெரிக்கால இருந்து ஒரு பையர் வர்றாரு. ஆர்டர் வந்துச்சுன்னா உன்னைக் கன்பர்ம் பண்ணிடறேன். வரலைன்னா ட்ரெய்னிங்ல இருக்கறவங்களை மொதல்ல அனுப்பிடச் சொல்றாங்க மேல. நான் இன்னாம்மா பண்றது?"

வீட்டிலும் கெடு வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால் இன்னும் கொஞ்ச நாள் என் இஷ்டம். இல்லையென்றால் மண்டிக்காரர் மகனுக்குச் சரி சொல்லிவிடுவதென்று அம்மா முடிவு செய்திருந்தாள். (அவ்வளவு நடந்தும் அவர்கள் வீட்டில் வேண்டாமென்று சொல்லவில்லை. அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.)

ரபீக் சாருக்கு ஒரு கொள்கை உண்டு. விலையைக் காட்டி ஆர்டர் வாங்க எல்லா கம்பெனிக்கும் தெரியும், பையரின் மனசைப் பிடிக்கிறவனுக்குத்தான் ஆர்டர் நிலைக்கும் என்பார். ஜெர்மன்காரர் ஒருவர் நாய் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, மிச்சத் தோலில் அந்த நாய்க்கு நான்கு காலுக்கும் குட்டி பூட்ஸ் தைத்துக் கொடுத்தவர் அவர். நாய் போட்டுக்கொண்டதா என்பது தெரியாது. ஜெர்மன்காரர் இன்றைக்கும் ஆர்டர் கொடுக்கிறார்.

"இந்த ஆளுக்கு இன்னா புடிக்கும்னு பாரு. கம்பெனி வாசல்ல பெருசா ஒரு ப்ளெக்ஸ் வெச்சுடலாம். கார்ல இருந்து எறங்கும்போதே அவரு மனசு உருகணும்."

வரவிருந்த பையர் பெயர் மார்க். மாமனாரின் ஷூ வியாபாரத்தில் கொள்முதல் பார்ப்பவர். அதற்கு முன்னால் ரக்பி வீரர். அமெரிக்காவின் நடுவே, குளிர்காலத்தில் பனி மூடிக்கொள்ளும் ஏதோ ஓர் ஊரில், சம்பளம் கொடுத்து ஆட்களை ஆடவைக்கும் ரக்பி க்ளப் ஒன்று ஆரம்பித்தார்கள். அதன் முதல் கேப்டன் இவர்தான்.

ரக்பி என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வார்களே, அதுதான் என்று நினைத்திருந்தேன். அது வேறு ஆட்டமாம். இதில் ஹெல்மெட் இல்லை, தலையோடு தலைதான். பந்து பெரிய பலாக்கொட்டை மாதிரி இருக்கிறது. கையால் எறிவதானால் பின்பக்கம்தான் எறியலாம், ஆனால் முன்பக்கம்தான் ஓட வேண்டும். ("நம்ம டிஸ்பேட்ச் செக்ஷன் மாதிரி" என்றார் ரபீக் சார்.) அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்குப் பெரிதாகக் கூட்டம் கிடையாது. இருந்தும் யாராவது ஆசைப்பட்டுப் பணத்தைப் போட்டு க்ளப் ஆரம்பிப்பதும், அது கொஞ்ச நாளில் மூடிக்கொள்வதும் அங்கே சகஜமாம்.

மார்க்கின் க்ளப்புக்குச் சின்னம் காட்டெருமை. தோல் ஊரில் வேலை பார்க்கிறவளுக்கு எருமையைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. கிடைத்ததையெல்லாம் படித்தேன். பஸ்ஸில் படித்தேன், சாப்பிடும்போது படித்தேன், அம்மா திட்டும்போதும் படித்தேன்.

ஆரம்பத்தில் அவர்களுக்குச் சொந்த மைதானமே இல்லை. ஒரு பள்ளிக்கூடத்து கிரவுண்டில் ஆடினார்கள். பார்க்க வந்தவர்களில் பாதி ஆட்டக்காரர்களின் மனைவிகள். மீதி, வேறு ஏதோ ஆட்டம் என்று நினைத்து வந்துவிட்டுத் திரும்பிப் போகக் கூச்சப்பட்டவர்கள். முதல் சீசன் முழுக்கத் தோற்று, கடைசி மேட்சை ஒரே ஒரு பாயிண்டில் ஜெயித்தார்கள். உடைந்த மூக்கும் ரத்தமுமாக மார்க் சிரிக்கும் படம் ஒன்று பார்த்தேன். பிறகு கொஞ்சம் தலையெடுத்தார்கள். கொரோனா வந்து சீசனைப் பாதியில் நிறுத்தியது. அதற்கப்புறம் பங்குதாரர் ஒருவர் க்ளப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய், பெயரை மாற்றி, சட்டை நிறத்தை மாற்றி, எருமையைக்கூடக் கழுகாக்கி, அங்கேயும் சரிப்படாமல் பழைய ஊருக்கே கொண்டுவந்து விட்டார். (வாழாவெட்டியாய் வந்த பெண்ணை மாதிரி.) பழைய பெயர், பழைய கருப்பு வெள்ளைச் சட்டை, பழைய எருமை. மார்க் இப்போது கோச். ஊரே திரும்பி வந்து பார்த்தது. ஒரு சீசன் அற்புதமாக ஆடினார்கள். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் க்ளப்பை மூடிவிட்டார்கள்.

அவர்களுடைய வலைத்தளத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி நன்றியும், மார்க் கைகட்டி நேராகப் பார்க்கும் கருப்பு வெள்ளைப் படம் ஒன்றும் மட்டும் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத எருமைகளுக்காக நாட்றம்பள்ளி பஸ் ஸ்டாப்பில் நின்று மூக்கைச் சிந்தினேன்.

அழுகை ஓய்வதற்குள் போனை எடுத்துவிட்டேன். அதுதான் என் குணம்.

பைபாஸ் ஓரத்தில் ப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் சதீஷுக்கு வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் அனுப்பினேன். அந்தக் கைகட்டிய படம். எருமை. க்ளப் ஆரம்பித்த வருஷம், ஒரு கோடு, மூடிய வருஷம். கீழே நான் உருகி எழுதிய வாசகம்: 'விழுந்து விழுந்து எழுந்த வீரரே! கண்ணீரும் வியர்வையும் கலந்த உங்கள் வரலாற்றை எங்கள் நெஞ்சம் என்றும் மறவாது. இவண்: நிர்வாகத்தார் மற்றும் தொழிலாளர்கள்.' வருக வருக என்று நான் எழுதவில்லை. வருக வருக போடத் தெரியாத ப்ளெக்ஸ் கடை தமிழ்நாட்டில் உண்டா?

சதீஷ் உடனே கூப்பிட்டான்.

"அக்கா, யாருக்கா இவரு?"

"அமெரிக்காக்காரர்ப்பா. நம்ம கம்பெனிக்கு ரொம்ப முக்கியமானவர்."

"பாத்தா வயசு கம்மியா இருக்கேக்கா."

"வயசு கம்மிதான். ஆனா பாவம், ஏகப்பட்ட அடி பட்டவரு."

"ச்ச." உச்சுக் கொட்டினான். "எப்பக்கா?"

"நாளைக்குக் காலைல. கம்பெனிக்கே வர்றாரு."

"கம்பெனிக்கே கொண்டாறாங்களா?"

"ஆமாம்ப்பா, நேரா ஏர்போர்ட்ல இருந்து ஏலகிரி, ஏலகிரில இருந்து கம்பெனி. ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்குள்ள வாசல்ல கட்டியிருக்கணும்."

"கலரு இன்னா போடட்டும்?"

"கருப்பு வெள்ளைதான். அதான் அவங்க கலரு."

"சரிக்கா. நீங்க தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான். எனக்கு எதற்குத் தைரியம் சொல்கிறான் என்று ஒரு விநாடி தோன்றியது. அந்த விநாடியைப் பிடித்து நிறுத்தி விசாரிக்கும் பொறுமை என்னிடம் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருக்கும்போது ப்ரூஃப் வந்தது. சிக்னல் சரியாக இல்லை. படம் இறங்காமல் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மங்கலாகக் கருப்பும் வெள்ளையும் நடுவில் ஒரு முகமும் தெரிந்தன. 'ஓகேவா அக்கா? மெஷின்ல போட்றவா?' என்று கேட்டிருந்தான். வட்டம் சுற்றி முடிவதற்குள் கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பிவிட்டேன். ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

மறுநாள் காலை ஹைவேயில் பாலம் வேலை. பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், டிரைவரிடம் போய் வேறு வழி சொன்னேன். (அந்த வழி ஏரிக்குள் போகும் என்றார்.) அப்போது ரபீக் சாரிடமிருந்து போன்.

"செல்வி, மார்க் எப்பம்மா செத்தாரு?"

"சார்?"

"நேத்து சாயந்தரம் கூட மெயில் போட்டாரும்மா. லெதர் திக்னெஸ் கேட்டிருந்தாரு. நான் பதில்கூட போடலையே, யா அல்லா!"

"சார், அவருக்கு ஒண்ணும் ஆகலை சார்! யார் சொன்னது?"

"நீதான் சொல்லியிருக்க! வாசல்ல கட்டியிருக்குன்னு செக்யூரிட்டி போன் பண்ணி அழுவுறான். நான் ஏலகிரிக்கு போன் போட்டேன். இட்லி சாப்ட்டுட்டு கார்ல கெளம்பிட்டாருன்றான் ஓட்டல்காரன். அப்ப கார்ல வர்றது யாரும்மா?"

அப்போதுதான் போனில் அந்த ப்ரூஃபைத் திறந்து பார்த்தேன். படம் எப்போதோ இறங்கி, அமைதியாகக் காத்திருந்தது.

மேலே பெரிதாக, 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் வட்டத்துக்குள் மார்க். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தலைக்கு மேலே ஒரு புறா பறந்துபோய்க்கொண்டிருந்தது. இடது பக்கம் 'தோற்றம்' என்று க்ளப் ஆரம்பித்த வருஷம். வலது பக்கம் 'மறைவு' என்று மூடிய வருஷம். அந்தக் கணக்குப்படி மார்க், பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கையோடு காலமாகியிருந்தார். அதைப் பார்த்தாவது சதீஷுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? கேட்டதற்குப் பிற்பாடு சொன்னான்: "ரெண்டு வருசம், நடுவுல கோடு, கருப்பு வெள்ள போட்டோ. போதாததுக்கு எருமை வேற அனுப்பிருந்தீங்க. எமனோட வண்டியவே அனுப்பிட்டீங்களே, சாமி கும்புடற குடும்பம் போலன்னு நெனச்சேன்க்கா." கீழே 'இவண்' என்று நான் எழுதியதை எடுத்துவிட்டு, 'மீளாத் துயரில் வாடும் நிர்வாகத்தார் மற்றும் தொழிலாளர்கள்' என்று அவனே திருத்தியிருந்தான். தமிழ் நன்றாகத்தான் இருந்தது.

பஸ் நிற்பதற்கு முன்பே குதித்தேன். (இந்தத் தடவை யாரும் திட்டவில்லை.)

கம்பெனி வாசலில், மேல்தோல் தைக்கும் க்ளோசிங் செக்ஷன் பெண்கள் முதல் டிஸ்பேட்ச் ஆட்கள் வரை எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றிருந்தார்கள். ஷூ கம்பெனி வாசலில் அவ்வளவு பேர் வெறுங்காலோடு நின்றதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பேர் இன்றைக்கு லீவு என்று முடிவு செய்து டீக்கடைக்குப் போயிருந்தார்கள். மார்க் கழுத்தில் போடுவதற்கு ரபீக் சார் சொல்லிவைத்திருந்த பெரிய ரோஜா மாலையை, செக்யூரிட்டி ஏழுமலை அண்ணன் ப்ளெக்ஸின் மேல் சாத்தி ஊதுபத்தியும் கொளுத்தியிருந்தார்.

"அண்ணா, அவுரு, கயித்த அவுரு, எறக்கு!" என்று கத்திக்கொண்டே முடிச்சைப் பிடித்து இழுத்தேன். நகம் உடைந்தது, முடிச்சு அவிழவில்லை.

"தப்பு செல்வி. மாலை போட்ட போட்டோவ அப்புடி எறக்கக் கூடாது. எடுக்கற வரைக்கும் இருக்கட்டும்."

"இன்னாத்த எடுக்கறது? அவர் உயிரோட இருக்காருண்ணா!"

ஏழுமலை அண்ணன் என்னை மிகுந்த அனுதாபத்துடன் பார்த்தார். "எனக்கும் எங்கப்பா போனப்ப அப்புடித்தான்மா இருந்துச்சு" என்றார்.

அதற்குள் ரபீக் சார் ஓடிவர, பின்னாலேயே ஏலகிரி கார் வந்து நின்றது. கதவு திறந்தது. ப்ளெக்ஸில் இருந்தவர் இறங்கினார். படத்தைவிட ஒரு சுற்றுப் பெரிய ஆள்.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. "ஐயோ, எழுந்து வந்துட்டாரு!" என்று க்ளோசிங் தனலட்சுமி அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஊதுபத்தியைக் கையில் வைத்திருந்த ஏழுமலை அண்ணன் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சல்யூட் அடித்தார்.

மார்க் அண்ணாந்து பார்த்தார். தன் முகம். தன் எருமை. தன் க்ளப். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. இரண்டு கையையும் குவித்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். இந்தியாவில் விருந்தாளிக்கு மாலை உண்டு என்று யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் கூச்சப்பட்டு நிற்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, தானே போய், தன் படத்தின் மேலிருந்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

ரபீக் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று மார்க் ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். நல்வரவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ரபீக் சார் பின்னாலிருந்து கண்ணால் கெஞ்சினார். ஆனால் பொய் சொல்வதற்கும் பொறுமை வேண்டும். யோசிக்க வேண்டும், கோர்க்க வேண்டும், நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு உண்மைதான் முதலில் வாயில் வரும். இது வருக என்று எழுத நினைத்தது, ஆனால் இறந்தவர்களுக்கு வைப்பது, இது பிறந்த வருஷம், அது இறந்த வருஷம், நீங்கள் இல்லை, உங்கள் க்ளப், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டிவிட்டேன்.

மார்க்கின் சிரிப்பு நின்றது. அந்த இரண்டு வருஷங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலி கேட்டார். ஏழுமலை அண்ணன் தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட, ப்ளெக்ஸுக்கு எதிரில் மாலையோடு உட்கார்ந்துவிட்டார். என் வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாம்பழ மண்டி கண்ணில் தெரிந்தது. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

தனலட்சுமி அக்காவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

"ஏன் செல்வி, அவுரு சாவலியா?"

"அவரு இல்லக்கா. அவரோட க்ளப்பு. டீமு."

"டீமுன்னா எத்தினி பேரு?"

"இருப்பாங்க, முப்பது நாப்பது பேரு."

"அத்தினி பேருமா!"

"ஆளுங்க யாரும் சாவலக்கா! க்ளப்ப மூடிட்டாங்க. அவ்ளோதான்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்களும் கிட்ட வந்தார்கள்.

"மூடிட்டாங்களா? கம்பெனி மூடுற மாதிரியா?"

"ஆமாக்கா."

அக்கா இதற்கு முன் வேலை பார்த்த ஷூ கம்பெனி ஒரு திங்கட்கிழமை கேட்டைத் திறக்கவில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு திங்கட்கிழமை உண்டு. இந்த ஆர்டர் வரவில்லையென்றால் அப்படி இன்னொரு திங்கட்கிழமை வரலாம் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப அது சாவுதாம்மா" என்றாள் அக்கா. நேராக மார்க்கிடம் போனாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, துக்கம் விசாரிக்க ஆரம்பித்தாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு? இன்னா ஆச்சு திடீர்னு?"

நான் மொழிபெயர்த்தேன். வேறு என்ன செய்ய?

மார்க் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். கடைசி வருஷம் நன்றாகத்தான் இருந்தது என்றார். கூட்டம் வந்தது. ஜெயித்தோம். ஆனால் பணம் போட்டவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள், அது எங்களுக்குத் தெரியாது.

"வெளிய நல்லாத்தான் தெரியும், உள்ள அரிச்சிருக்கும்" என்று தலையாட்டினாள் அக்கா. "முன்னாடியே சொன்னாங்களா, சொல்லாம மூடினாங்களா?"

"காலையில் பயிற்சிக்குப் போயிருந்தோம். மெயில் வந்தது. மைதானத்திலேயே நின்று படித்தோம்."

"எங்களுக்கு அதுவும் இல்ல. கேட்டுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போய்ட்டாங்க." பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்: "பி.எஃப். குடுத்தாங்களா?"

பி.எஃப். என்றால் என்னவென்று அவருக்கு விளக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மார்க் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. நானும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மொழிபெயர்க்க முடியவில்லை. மொழிபெயர்க்கவும் அப்போது ஒன்றுமில்லை.

"அழட்டும், அழட்டும்" என்றாள் அக்கா. "யாராச்சும் டீ கொண்டாங்கப்பா. சக்கர ஜாஸ்தியா போட்டு."

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கட்டிங் ஆட்கள் அவர் கையைப் பிடித்துவிட்டு நகர்ந்தார்கள். டீக்கடையில் லீவு கொண்டாடியவர்களும் செய்தி கேட்டுத் திரும்பிவந்து வரிசையில் நின்றார்கள். அவர் பள்ளிக்கூடத்து கிரவுண்டைச் சொன்னார், ஒரு பாயிண்டில் ஜெயித்ததைச் சொன்னார், பங்குதாரர் ஊர் மாற்றியதைச் சொன்னார். ("சேராத எடத்துல சேர்ந்தா அப்புடித்தான்" என்றாள் அக்கா.) நான் படித்துப் படித்து உருகிய வரலாறு முழுவதையும் அவர் வாயாலேயே கேட்டு, துக்க வீட்டுப் பேச்சாக, கேட் வாசலில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதியம் சாம்பிள் பார்த்தார். தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆர்டர் பேச்சை எடுக்கவில்லை. பிரியாணி சாப்பிட்டார். போகும்போது அந்த ப்ளெக்ஸைக் கேட்டார். ஏழுமலை அண்ணன் முறைப்படி கும்பிட்டுவிட்டு அவிழ்த்து, சுருட்டி, லேஸ் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். கார் போன பிறகு ரபீக் சார் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "பேஜார் பண்ணிட்டியேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். மெயில் பெட்டியை நான் திறந்து மூடிய வேகத்துக்கு அது கதவாக இருந்திருந்தால் கீல் தேய்ந்து விழுந்திருக்கும். பக்கத்து சீட்டுக்காரி இடம் மாறிப் போனாள். வீட்டில் அம்மா மண்டிக்காரர் வீட்டுக்குப் போன் செய்ய நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வந்தது. ஆர்டர். லாஸ்டிங் லைன் முழு நாளும் ஓடும் அளவுக்கு. கூடவே ஒரு படம்: அவர்கள் ஊரில் பழைய ஆட்டக்காரர்கள் கூடும் ஏதோ ஒரு மதுக்கடைச் சுவர், அதில் எங்கள் ப்ளெக்ஸ், அதற்குக் கீழே மூக்கு உடைந்த தடியர்கள் வரிசையாகத் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 'எங்கள் க்ளப்புக்கு அங்கேதான் சாவு எடுத்தார்கள். எங்கள் ஊரில் மெயில்தான் வந்தது' என்று எழுதியிருந்தார்.

ரபீக் சார் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆர்டர் கன்பர்ம். நீ இன்னும் கன்பர்ம் இல்ல. ப்ரூஃப் பாக்கக் கத்துக்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். அவர் பார்த்து என்னைக் கன்பர்ம் பண்ணியது அதற்கப்புறம் ரொம்ப நாள் கழித்துத்தான். அதற்குள் மண்டிக்காரர் மகனிடம் இந்தக் கதை முழுவதையும் போனில் சொல்லிப் பார்த்தேன். குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டு, அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, நிதானமாகச் சிரித்த ஒரே ஆள் அவர்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. அவசரப்பட்டு நானே சரி சொல்லிவிட்டேன்.

ஆனால் கதை அத்தோடு விடவில்லை. அமெரிக்காவில் ரக்பி க்ளப்புகள் மூடுவது நிற்கவில்லையே. அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, மூடிய வேறு க்ளப்புக்காரர்களும் மார்க்கைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும், விளக்கும் புறாவும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் ஷூ பெட்டிகளோடு அவ்வப்போது ஒரு கண்ணீர் அஞ்சலியும் கப்பல் ஏறுகிறது. "என் பொண்ணு அமெரிக்காவுக்கு சாவு போஸ்டர் எக்ஸ்போர்ட் பண்றா" என்று அம்மா கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்கிறாள். சதீஷ் அவ்வப்போது போன் செய்து, "அக்கா, இந்த சீசன்ல யாராச்சும் போய்ட்டாங்களா?" என்று விசாரிப்பான்.

போன மாதம் மார்க்கிடமிருந்து வேறு மாதிரி மெயில் வந்தது. அவருடைய பழைய ஊரில் மறுபடி ஒரு க்ளப் தொடங்குகிறார்கள். புதிய முதலாளிகள், அதே எருமை. அவர்தான் கோச். திறப்பு விழாவுக்கு எங்கள் ஊர் ப்ளெக்ஸ்தான் வேண்டுமாம், இந்தத் தடவை வாழ்த்து. சதீஷிடம் பத்துத் தடவை சொன்னேன்: இது நல்ல காரியம், புறா வேண்டாம், வருஷம் ஒன்றே ஒன்றுதான்.

ப்ரூஃப் வந்தது. வட்டம் சுற்றியது. கட்டைவிரல் துடித்தது. பொறுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு படம் முழுசாக இறங்கும் வரை உட்கார்ந்திருந்தேன். எருமை கம்பீரமாக இருந்தது. புறா இல்லை. வண்ணத் தோரணம் போட்டிருந்தான். இடது பக்கம் 'தோற்றம்' என்று இந்த வருஷம். வலது பக்கம் 'மறைவு' என்று எழுதி, எதிரில் காலியாக விட்டிருந்தான்.

"டேய் சதீஷு, இன்னாடா இது?"

"எப்புடியும் பின்னாடி தேவப்படும்லக்கா. புதுசா அடிச்சா செலவு. அதான் எடம் வுட்டு வெச்சிருக்கேன்."

அந்த இடத்தை அடைத்து எருமையைப் பெரிதாக்கச் சொல்லி, மறுபடி ப்ரூஃப் வாங்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்துத்தான் அனுப்பினேன். மார்க்கிடம் இதை மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னேன், அதுதான் நான் செய்த தப்பு. இப்போது எங்கள் வீட்டில் யாராலும் எதையும் தொடங்க முடிவதில்லை. நான் காலையில் நடைப்பயிற்சிக்குப் புது ஷூ கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினால், என் கணவர் பேப்பரைத் தாழ்த்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்துக் கேட்பார்: "எடம்... விட்டு... வெச்சிருக்கியா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் தெரு முனைக்குப் போய்விடுவேன். பெரும்பாலும் மறுநாளே நடைப்பயிற்சிக்கு அந்த இடம் நிரம்பிவிடுகிறது.